ஆயுள் வரி

"சார், காருக்கு இறக்கை முளைக்குமா?"

நனைந்த குடையை மூலையில் சாத்திவிட்டு உதவியாளர் நாகவேணி கேட்டாள். பெலகாவி கடே பஜாரில், ஓர் இனிப்புக் கடையின் மாடியில் இருந்தது துப்பறியும் நிபுணர் ருத்ரப்பா அங்கடியின் அலுவலகம். கீழே குந்தா என்னும் பால் இனிப்பைக் கிளறும் வாசனை காலையிலேயே படியேறி வந்திருந்தது. ருத்ரப்பா ஜன்னலோரம் உட்கார்ந்து மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"முளைச்சா என்ன?"

"முளைச்சிருந்தா நம்ம கேஸ் முடிஞ்சுது. உல்ஹாஸ் காணேகரும் அவரோட காரும் பறந்துட்டாங்கன்னு எழுதிக் கொடுத்துடலாம். ஹூப்ளி ரோட்டுல இருக்கற ரெண்டு சுங்கச் சாவடி, பெட்ரோல் பங்க், பட்டறை, லாட்ஜ், ஒண்ணு விடலை. அந்தக் கர்நாடகா நம்பரை ஒரு ஆள் பார்த்ததாச் சொல்லலை. நேத்து ஒரு பட்டறைக்காரன் எனக்கே வேலை கொடுக்கறேன்னான். தினமும் வந்து நிக்கறீங்களே, சம்பளம் வாங்கிட்டே நில்லுங்கன்னு."

"போயிருக்கலாமே. அங்க சம்பளம் தேதி தவறாம வரும்."

"யோசிச்சேன். அங்க என்னைவிட அதிகமாப் பேசற ஆள் இருக்கு. அதனால வேண்டாம்னுட்டேன்."

உல்ஹாஸ் காணேகர் கோவாக்காரர். அங்குள்ள மட்காவ் நகரிலிருந்து பம்புசெட் கம்பெனி வேலையாகப் பெலகாவிக்கு மாற்றலாகி வந்தவர். மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு காலையில், ஹூப்ளிக்குப் போய்விட்டு வருகிறேன் என்று மனைவியிடம் சொல்லிவிட்டுக் காரை எடுத்தவர் திரும்பவில்லை. போன் அன்று மதியமே அணைந்துவிட்டது. போலீஸ் புகாரை வாங்கிக்கொண்டது. கூடவே, "பெரிய மனுஷன், எங்கயாவது மனசுக்குப் பிடிச்ச இடத்துல இருப்பார்" என்று ஒரு சிரிப்பையும் கொடுத்தது. அந்தச் சிரிப்பைத் தாங்க முடியாமல்தான் அவர் மனைவி சுலக்ஷா இந்த மாடிப்படி ஏறியிருந்தாள்.

"போலீஸ் சொல்றதுதான் சரியோ என்னவோ," என்றாள் நாகவேணி. "என் வீட்டுக்காரர் போனப்பவும் இப்படித்தான். பால் வாங்கப் போறேன்னார். இன்னும் பால் கறந்துக்கிட்டிருக்காங்க போல."

ருத்ரப்பா பதில் சொல்வதற்குள் படியில் செருப்புச் சத்தம் கேட்டது.

சுலக்ஷா வந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். தலையில் பூ இல்லை, முந்தானை மழையில் நனைந்திருந்தது. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள்.

"தேட வேண்டாம்னு சொல்லிட்டுப் போக வந்தேன் சார். வீட்டைக் காலி பண்றேன். மட்காவுல அக்கா வீட்டுக்குப் போறேன்."

"ஏம்மா?"

"என்னை வேண்டாம்னு போனவரை நான் எதுக்குத் தேடணும்?"

"அவர் உங்களை வேண்டாம்னு சொன்னாரா?"

அவள் மடியிலிருந்த கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "நான்தான் சொன்னேன். முன்ன உங்ககிட்ட சொல்லலை. அவர் போறதுக்கு நாலஞ்சு நாள் முன்னாடி சண்டை போட்டோம்."

நாகவேணி தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். சுலக்ஷா அதைத் தொடவில்லை.

"இந்த ஊர்ல எந்தச் சந்துக்குள்ள போனாலும் போலீஸ் கோவா நம்பரைப் பார்த்து நிறுத்தும். எப்ப வந்தீங்க, ஒரு வருஷம் ஆச்சா, இங்க வரி கட்டினீங்களான்னு கேக்கும். அவருக்கு அலுத்துப் போச்சு. மட்காவ் ஆபீசுக்குப் போய் ஆட்சேபணை இல்லைன்னு காகிதம் வாங்கி வந்து, இங்க வரிசையில நின்னு, காருக்குக் கர்நாடகா ஆயுள் வரியைக் கட்டிட்டு வந்துட்டார். என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலை. அந்தப் பணம் சதுர்த்திக்கு ஊருக்குப் போக நான் சேர்த்து வெச்சது. ஒரே காருக்குக் கோவாவுல ஒரு தடவை கட்டினோம், இங்க மறுபடியும். அதைக்கூட விடுங்க. ஆயுள் வரின்னு அவர் சொன்னதும் எனக்கு உடம்பெல்லாம் எரிஞ்சது. ரெண்டே வருஷம், அப்புறம் ஊருக்குப் போயிடலாம்னு சொல்லித்தான் என்னைக் கூட்டிட்டு வந்தார். பள்ளிக்கூடத்துல பாட்டு டீச்சரா இருந்தேன் சார். அதை விட்டுட்டு வந்தேன்."

"என்ன சொன்னீங்க அவர்கிட்ட?"

"இந்த ஊர்ல நானும் அந்தக் காரும்தான் கோவாக்காரங்க. இப்ப காரையும் மாத்திட்டீங்க, என்னை எப்ப மாத்தப் போறீங்கன்னு கேட்டேன். உங்க ஆயுசை நீங்களே இங்க கழிங்கன்னேன்."

மழை ஜன்னல் கட்டையில் தட்டியது.

"அம்மா, ஒண்ணு கேக்கறேன்," என்றார் ருத்ரப்பா. "ஓடிப்போகணும்னு நினைக்கிறவர், எந்த ஊரை விட்டு ஓடப்போறாரோ அந்த ஊருக்கா ஆயுள் வரி கட்டுவார்?"

சுலக்ஷா நிமிர்ந்தாள்.

"இன்னொரு கேள்வி. இந்தப் புது நம்பர். அதைக் காருல மாட்டினதை நீங்க கண்ணால பார்த்தீங்களா?"

"இல்ல. காகிதத்துல பார்த்துச் சொன்னார். நான் மனசுல வெச்சுக்கிட்டேன். போலீஸ்லயும் அதைத்தான் சொன்னேன். உங்ககிட்டயும்."

ருத்ரப்பா எழுந்து மூலையில் சாத்தியிருந்த குடையை எடுத்தார்.

"வேணி, இத்தனை நாள் நம்ம தேடினது இன்னும் ரோட்டுக்கே வராத ஒரு நம்பரை."

"புரியலை சார்."

"நம்பர் கிடைக்கறது ஒரு நாள். பலகை அடிச்சு வர்றது இன்னொரு நாள். காருல ஏத்தறது மூணாவது நாள். நமக்கு முதல் நாள்தான் தெரியும். வாங்க."

சுலக்ஷாவும் எழுந்தாள். "நானும் வர்றேன்."

* * *

எண் பலகை மாட்டும் கடை கோட்டைக்குப் பின்பக்கம் இருந்தது. கடைக்காரர் ஷம்ஷுதீன் முல்லா ஒரு டாக்ஸியின் பின்னால் குந்தி ஆணி அடித்துக்கொண்டிருந்தார். ருத்ரப்பா எண்ணைச் சொன்னதும் அடிப்பதை நிறுத்தினார்.

"இருக்கு சார். உள்ள தூசி படிஞ்சு கெடக்கு. கார் இல்லாம பலகையைக் கையில கொடுக்கக் கூடாது. அவர் வருவார் வருவார்னு பார்க்கறேன்."

உள்ளே போய் ஒரு காகித உறையைக் கொண்டு வந்தார். புத்தம் புதிய இரண்டு பலகைகள். ஒரு கீறல் இல்லை.

"அப்போ, இந்த எண்ணோட அந்தக் கார் ஒரு அடி கூட நகரலை," என்றார் ருத்ரப்பா.

"எப்படி நகரும்? அவர் ஒரு தடவை காரோட வந்தார். பழைய பலகையைக் கழட்டறதுக்கு ஸ்க்ரூ டிரைவரை எடுத்துட்டேன். அப்ப வேண்டாம்னுட்டார்."

"வேண்டாம்னாரா? ஏன்?"

"நானும் கேட்டேன் சார். வரி கட்டியாச்சு, நம்பர் வந்தாச்சு, பழைய பலகையோட சுத்தினா போலீஸ் பிடிச்சு ரெண்டாவது தடவை கறப்பான், எதுக்கு வம்புன்னேன். அவர் அந்த ஸ்டூல்ல உட்கார்ந்து டீ குடிச்சார். வீட்டுக்காரி மனசு இன்னும் இந்த ஊருக்கு வரலை பாய், இந்தப் பழைய நம்பரைப் பார்த்தா அவளுக்குக் கொஞ்சம் ஆறுதல், அவளா ஒரு நாள் மாட்டுங்கன்னு சொல்லட்டும், அதுவரைக்கும் இருக்கட்டும்னார். இப்படி ஒரு காரணத்தை நான் கேட்டதே இல்லை. என் வீட்டுல போய்ச் சொன்னேன். நீயும் இருக்கியேன்னு அவ என்னைத் திட்டினா."

சொல்லிச் சிரித்தவர், பின்னால் நின்ற சுலக்ஷாவின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கினார். யாரென்று அவருக்குப் புரிந்துவிட்டது.

"மன்னிச்சுக்கோங்கம்மா."

"வேற என்ன சொன்னார்?" சுலக்ஷாவின் குரல் மிக மெதுவாக வந்தது.

"அடுத்த நாள் காலையில கோவாவுக்கு ஒரு நடை போகணும்னார். மலைப்பாதையில மண்ணு சரியுதாமே, டயர் பார்த்துச் சொல்லுங்கன்னார். பார்த்துட்டு நல்லா இருக்குன்னு சொன்னேன். நல்லாத்தான் இருந்துச்சும்மா."

"கோவாவுக்கா? என்கிட்ட ஹூப்ளின்னாரே."

ஷம்ஷுதீன் பலகைகளை உறைக்குள் திருப்பி வைத்தார்.

ருத்ரப்பாவின் காருக்குத் திரும்பும்போது சுலக்ஷாவின் நடையே மாறியிருந்தது. சேறு தெறிப்பதைக்கூடக் கவனிக்காமல் எல்லோருக்கும் முன்னால் போனாள். "அவர் கோபத்துல போகலை," என்றாள் நாகவேணியிடம். "கேட்டீங்கல்ல? நான் திட்டினப்புறமும், எனக்காக மாட்டாம வெச்சிருக்கார். மட்காவுல பழைய வீட்டுக்காரங்க யார்கிட்டயாவது தங்கியிருப்பாரோ? காய்ச்சல் கீச்சல் வந்திருக்குமோ? போன் தொலைஞ்சிருக்கும். அவருக்கு என் நம்பர் மனப்பாடம் கிடையாது."

"ஆம்பளைங்க யாருக்குக்கா பொண்டாட்டி நம்பர் மனப்பாடம்? என் வீட்டுக்காரருக்கு என் பேரே மறந்துபோச்சு," என்றாள் நாகவேணி.

சுலக்ஷா சிரித்தாள். அவளை அவர்கள் சிரித்துப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

* * *

ஊரை விட்டு மேற்கே, கோவா பாதையில் போகப் போக மழை வலுத்தது. மலைச்சரிவு தொடங்கியதும் சாலை குறுகியது. இருபுறமும் காடு, பாறையிலிருந்து நேராகச் சாலையில் விழும் ஓடைகள். ருத்ரப்பா மெதுவாக ஓட்டினார். பக்கத்து இருக்கையில் நாகவேணி வழிநெடுகப் பேசிக்கொண்டு வந்தாள்.

"சார், ஒரு கார் பொறந்த ஊரை விட்டு வெளிய வந்தா இவ்வளவு பாடா? நான் ஹாவேரியில பொறந்து பெலகாவிக்கு வந்தேன். என்கிட்ட யாரும் வரி கேக்கலையே."

"உன்னைத் திருப்பி அனுப்பினா, அந்த ஊர்ல ஆட்சேபணை இல்லைன்னு காகிதம் கொடுக்க மாட்டாங்க. அதான் பேசாம விட்டுட்டாங்க."

பின்னாலிருந்து சுலக்ஷா சொன்னாள். "அவர் கோவாவுல கட்டின வரியில மிச்சத்தைத் திருப்பிக் கேக்கலாம்னு ஒருத்தர் சொன்னாராம். அதுக்குத்தான் போயிருப்பார். என் பணத்தை என்கிட்டயே திருப்பிக் கொடுத்துடலாம்னு நினைச்சிருப்பார். அப்படித்தான் அவர்."

வளைவு ஒன்றில் தகரக் கூரை போட்ட டீக்கடை இருந்தது. ருத்ரப்பா வண்டியை ஓரம் கட்டினார். "நீங்க இருங்க," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

கடைக்காரரிடம் அவர் ஏதோ கேட்டார். கடைக்காரர் கீழே பள்ளத்தாக்குப் பக்கம் கைநீட்டினார். ருத்ரப்பா பழைய கோவா எண்ணைச் சொல்லியிருக்க வேண்டும். அந்த ஆள் தலையை ஆட்டிவிட்டுத் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். அந்தத் துண்டை நாகவேணி பார்த்தாள்.

ருத்ரப்பா டீ வாங்காமல் திரும்பி வந்தார். நாகவேணி பக்கத்துக் கதவைத் திறந்து, "வேணி, நீ பின்னாடி உட்காரு," என்றார்.

"ஏன் சார், என் பேச்சு..."

அவர் முகத்தைப் பார்த்ததும் அவள் இறங்கிப் பின்னால் ஏறி சுலக்ஷாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். வண்டி கிளம்பியது. சுலக்ஷா ஒரு முறை, "கடைக்காரர் என்ன சொன்னார்?" என்று கேட்டாள்.

"கீழே புறக்காவல் நிலையத்துல விசாரிக்கச் சொன்னார்மா."

* * *

மலையடிவாரத்தில், கோவா எல்லைக்குள், ஓடைக்கரையில் ஓட்டுக் கூரை போட்ட புறக்காவல் நிலையம் இருந்தது. முற்றத்தில் தார்ப்பாய் போர்த்திய ஏதோ ஒன்று கிடந்தது. ஹவல்தார் ஷாபா வேளிப் வெளியே வந்தார். நரைத்த மீசை, சட்டைப் பையில் மூக்குக் கண்ணாடி. எண்ணைக் கேட்டதும், "கடைசியில யாரோ வந்தீங்க," என்றார்.

சுலக்ஷாவைப் பார்த்து அவர் கொங்கணியில் பேசத் தொடங்கினார். சொந்த மொழியைக் கேட்டதும் அவள் ஓர் அடி முன்னால் வந்தாள்.

"உட்காரு தங்கச்சி. நீ யாரு அவருக்கு?"

"யாருக்கு?"

ஹவல்தார் ருத்ரப்பாவைப் பார்த்தார். ருத்ரப்பா, "நீங்க கைப்பற்றினதுல ஏதாவது இருந்தா எடுத்துட்டு வாங்க," என்றார்.

"ஒண்ணும் இல்ல சார். அன்னைக்குப் பேய்மழை. மண் சரிஞ்சு கார் பள்ளத்துல உருண்டு ஓடையில விழுந்துருச்சு. பை, பர்ஸ், போன், காகிதம் எல்லாத்தையும் தண்ணி அடிச்சுட்டுப் போயிருச்சு. சாவி மட்டும் காருலயே இருந்தது."

மேசை இழுப்பறையிலிருந்து ஒரு சாவிக்கொத்தை எடுத்து வைத்தார். கார்ச் சாவி. அதோடு ஒரு வீட்டுச் சாவி.

"எந்த ஊர்ப் பூட்டுன்னு சாவி சொல்லாதில்ல," என்றார்.

சுலக்ஷா தன் கைப்பையைத் திறந்தாள். சாவி கைக்கு அகப்படவில்லை. நாகவேணி உள்ளே கைவிட்டுச் சாவியை எடுத்துக் கொடுத்தாள். சுலக்ஷா அதை மேசைமேல் அந்தச் சாவியின் பக்கத்தில் வைத்தாள். பல்லுக்குப் பல் ஒன்றாக இருந்தது.

அவள் இரண்டு சாவிகளையும் பார்த்துக்கொண்டே இருந்தாள். "எங்க இருக்கார்?" என்று கேட்டாள். எந்த ஆஸ்பத்திரியில் என்று கேட்பது போலத்தான் கேட்டாள்.

"தூக்கும்போதே உயிர் இல்லைம்மா," என்றார் ஹவல்தார். "கஷ்டப்பட்டிருக்க மாட்டார். ஆஸ்பத்திரியில சொன்னாங்க, விழுந்த உடனே போயிருக்கும்னு."

நாகவேணி அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். அவள் அழவில்லை. முதுகை நேராக வைத்து உட்கார்ந்திருந்தாள். ருத்ரப்பாதான் கேட்டார்.

"ஏன் யாருக்கும் சொல்லலை?"

"யாருக்குச் சொல்றது சார்? காருல இருந்தது கோவா நம்பர். கம்ப்யூட்டர்ல தட்டிப் பார்த்தா, இந்த வண்டி கணக்கை முடிச்சுக்கிட்டு கர்நாடகாவுக்குப் போயாச்சுன்னு வந்தது. பழைய முகவரிக்கு ஆள் அனுப்பினேன். மட்காவுல அந்த வீட்டுல வேற யாரோ குடியிருக்காங்க. அதுல இருந்த போன் நம்பரும் உயிரோட இல்லை. இன்ஜின் நம்பரைத் தேய்ச்சு எடுத்து கர்நாடகாவுக்கு எழுதினோம், பதில் இன்னும் வந்து சேரலை. இங்கே செத்த நம்பர், அங்கே பொறக்காத நம்பர். நடுவுல அவர்." அவர் கையை விரித்தார். "புதுப் பலகை மாட்டியிருந்தா அன்னைக்குச் சாயங்காலமே உங்களுக்கு..."

"ஹவல்தார் சார்," என்றாள் நாகவேணி அழுத்தமாக. அவர் நிறுத்தினார். ஆனால் சொன்னது சொன்னதுதான்.

"அன்னைக்கே போன் வந்திருக்கும்," சுலக்ஷா முடித்தாள். "இத்தனை நாள் நான் அவரைத் திட்டிக்கிட்டு இருந்திருக்க மாட்டேன். தினமும் திட்டினேன் வேணி. சமைக்கும்போது, துணி மடிக்கும்போது, அவர் சட்டையைக் கீழே போட்டு மிதிச்சுக்கூடத் திட்டினேன். அவர் இங்கே யாருமில்லாமக் கிடந்திருக்கார்."

நாகவேணி அவள் நெற்றியில் ஒட்டிய ஈரமுடியை ஒதுக்கிவிட்டாள்.

ருத்ரப்பா எழுந்து முற்றத்துக்குப் போனார். தார்ப்பாயை ஒரு ஓரம் தூக்கினார். நசுங்கிய கார். பின் இருக்கையில் காய்ந்தும் அழுகியும் ஏதேதோ கட்டுகள். ஒரு மரச்சட்டம் இரண்டாக முறிந்து கிடந்தது.

"இதெல்லாம் என்ன?"

"மாட்டோளிக் காய்கள் சார். சதுர்த்திக்கு கணபதிக்கு மேலே சட்டத்துல கட்டித் தொங்கவிடுவோமே, அது. பாக்குக் குலை, காட்டு எலுமிச்சை, இளநீர், செங்காந்தள். கார் நிறைய இருந்தது. அதைப் பார்த்துத்தான் சந்தைக்குக் கொண்டு போற வியாபாரின்னு நினைச்சோம். மாப்சா, போண்டா ஊர்ச் சந்தையெல்லாம் விசாரிச்சோம். இப்படி ஒரு வியாபாரி காணோம்னு யாரும் சொல்லலை."

"ஒரே காய் நிறைய இருந்ததா, பல காய் கொஞ்சம் கொஞ்சமா இருந்ததா?"

ஹவல்தார் யோசித்தார். "எல்லாத்துலயும் ஒண்ணு ரெண்டு. ஆனா என்னென்ன உண்டோ அத்தனையும் இருந்தது. காட்டுக்குள்ள ஏறி இறங்கினாத்தான் கிடைக்கற காயெல்லாம்கூட."

"விக்கறவன் ஒரே காயைக் கூடை கூடையா ஏத்துவான். கார் எந்தப் பக்கம் பார்த்துப் போச்சு?"

"மேலே ஏறிக்கிட்டிருந்தது. சக்கரத் தடம் அப்படித்தான் இருந்தது."

"சந்தை கீழே இருக்கு. இவர் மேலே ஏறியிருக்கார். அப்போ..."

ருத்ரப்பா திரும்பினார். சுலக்ஷா வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

"எனக்கு," என்றாள்.

அவள் முற்றத்தில் இறங்கி, மழையில் நனைந்தபடி காரருகே வந்தாள். உடைந்த ஜன்னல் வழியாகக் கையை விட்டு, சுருங்கிப்போன ஒரு பாக்குக் குலையைத் தொட்டாள். அது சணல் கயிற்றால் கட்டியிருந்தது. இரண்டு முடிச்சு போட்டு, மேலே மூன்றாவதும் போட்டிருந்தது.

"அவருக்கு முடிச்சு போடவே தெரியாது," என்றாள். "எத்தனை தடவை சொல்லிக் கொடுத்திருக்கேன். எங்க மாமனார் வீட்டுல மாட்டோளி கட்டும்போது எல்லாரும் சிரிப்பாங்க, இவன் கட்டினது இவன் தலையிலேயே விழும்னு. இதுக்காகத் தனியாக் காட்டுக்குள்ள அலைஞ்சிருக்கார். நான் ஊருக்குப் போக முடியலைன்னு, ஊரைக் கொண்டு வரப் பார்த்திருக்கார். ஹூப்ளின்னு பொய் சொல்லிட்டு."

அப்போதுதான் அவள் அழுதாள். நாகவேணி ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டாள். இருவரும் அந்த நசுங்கிய காரின்மேல் சாய்ந்து நின்றார்கள். நாகவேணியும் அழுதுகொண்டிருந்தாள். பால் வாங்கப் போன தன் கணவனுக்காகக்கூட அவள் இப்படி அழுததில்லை.

ருத்ரப்பா குடையை விரித்து அவர்கள் தலைக்கு மேலே பிடித்தார். அவர் நனைந்தார். வழக்கின் முடிச்சு அவிழ்ந்துவிட்டது. வேறெந்த வழக்கிலும் அதற்காக அவர் இவ்வளவு வருந்தியதில்லை.

* * *

ஊர் மயானம் ஓடைக்கு அந்தப் பக்கம், ஒரு பலா மரத்தடியில் இருந்தது. ஹவல்தார் முன்னால் நடந்தார்.

"எரிக்கலை தங்கச்சி. தேடிக்கிட்டு யாராவது வந்தா முகம் பார்க்கணும்னு கேப்பாங்களேன்னு மண்ணுலதான் வெச்சோம். பஞ்சாயத்துக்காரங்க நாலு பேர் வந்தாங்க. நான்தான் கடைசியில மண் போட்டேன். என் மகன் வயசு இருக்கும்."

புதிய மண்மேடு. மழையில் கரைந்துபோகாமல் சுற்றிக் கல் அடுக்கியிருந்தார்கள். தலைமாட்டில் ஒரு செம்மண் கல். அதில் வெள்ளைப் பெயிண்டால் கைப்பட எழுதியிருந்தது: ஜி.ஏ. 08 கே 4163.

நாகவேணி மூச்சை இழுத்தாள்.

"பேர் தெரியாதவர்னு எழுதச் சொன்னாங்க," என்றார் ஹவல்தார். "மனசு வரலை. பேர் இல்லாம யாரு இருக்காங்க? அவரைப் பத்தி எங்களுக்குத் தெரிஞ்சது இந்த நம்பர் ஒண்ணுதான். அதையே எழுதினேன்."

சுலக்ஷா கல்லின் முன் மண்டியிட்டாள். எழுத்துகளின்மேல் விரலை வைத்துத் தடவினாள். கொங்கணியில் ஏதோ முணுமுணுத்தாள். ஹவல்தாருக்கு மட்டும்தான் அது புரிந்தது. அவர் திரும்பி நின்று மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

மழை விட்டிருந்தது. பலா மரத்திலிருந்து சொட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

"நான்தான் காரணம் வேணி," என்றாள் சுலக்ஷா திரும்பாமலே. "அந்த வார்த்தையை நான் சொல்லியிருக்காட்டா அவர் இந்தப் பாதையில வந்திருக்க மாட்டார்."

நாகவேணி ருத்ரப்பாவைப் பார்த்தாள். அவர் அருகில் வந்து உட்கார்ந்தார்.

"இருபத்தஞ்சு வருஷமா காணாமப் போனவங்களைத் தேடறேம்மா. முக்கால்வாசிப் பேர் வீட்டை விட்டுத்தான் போயிருப்பாங்க. கண்டுபிடிச்சுச் சொல்லும்போது, ஏன் கண்டுபிடிச்சோம்னு இருக்கும். இவர் வீட்டைப் பார்த்து வந்துக்கிட்டிருந்தார். எனக்குச் சொல்லத் தெரிஞ்சது அவ்வளவுதான். உங்க மேல தப்பு இல்லைன்னு நான் சொன்னா நீங்க நம்பப் போறதில்லை. ஆனா அவர் உங்க மேல கோபமா இல்லை. அதுக்குக் கார் நிறையச் சாட்சி இருக்கு."

அவள் தலையசைத்தாள். ஏற்றுக்கொண்டாளா என்று சொல்ல முடியாது.

ஹவல்தார் தயங்கித் தயங்கி அருகே வந்தார். "தங்கச்சி, இதைக் கேக்கற நேரம் இல்லை. ஆனா நான் இன்னைக்கே மேலே எழுதிப் போட்டாத்தான் நாளைக்கு உத்தரவு வரும். எடுத்துட்டுப் போகணும்னா எந்த ஊருக்குன்னு எழுதணும். இங்கயே இருக்கட்டும்னாலும் சரி. இதுவும் கோவா மண்ணுதான். இல்லைன்னா மட்காவுக்கு, உங்க ஊர்ப் பக்கம். நம்ம வண்டியிலேயே அனுப்பறேன். பெலகாவின்னா மாநிலம் தாண்டணும், அதுக்கு வேற அனுமதி, வண்டிக்கு வேற வரி, கொஞ்சம் அலைச்சல்."

"அலைஞ்சுக்கறோம்," என்றாள் நாகவேணி. "எல்லா வரியும் நாங்க கட்டறோம். அக்கா எங்க சொல்றாங்களோ அங்க."

சுலக்ஷா எழுந்தாள். புடவையில் ஒட்டிய செம்மண்ணைத் தட்டவில்லை. ஒரு பக்கம் மட்காவுக்குப் போகும் சமவெளிச் சாலை. அவள் பிறந்த பக்கம், அவளுடைய மொழி பேசும் பக்கம். இன்னொரு பக்கம் மேகத்துக்குள் ஏறும் மலைப்பாதை. அவள் இரண்டையும் பார்த்தாள்.

"பெலகாவின்னு எழுதுங்க அண்ணா."

"நிச்சயமா?"

"அவர் அங்கதான் வந்துக்கிட்டிருந்தார். பாதி வழி தனியா வந்துட்டார். மீதி வழி நான் கூட்டிட்டுப் போறேன்."